அடலீன் கரையைக் கடந்த நாள்

செப்டம்பர் 9, புதன்

ஆப்பிரிக்கா பக்கம் பிறந்து அட்லாண்டிக்கில் வளர்ந்த ஒரு புயல் எங்கள் திசையில் கிளம்பியிருக்கிறது. பெயர் அடலீன். டிவிக்காரர்கள் அவளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், எதிர்வீட்டுக்கு வரப்போகும் புது மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு சாதுவாகத்தான் இருக்கிறாளாம், குணம் எப்படி என்று போகப் போகத் தெரியுமாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அமெரிக்காவில், கரோலினாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரசி இங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மங்கையர்க்கரசி என்று சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லை, மிஸ் மங்கை என்கிறார்கள். நான் பரங்கிப்பேட்டை ஹார்டுவேர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தவன். விசாவிலேயே 'சார்ந்தவர்' என்று போட்டுவிட்டார்கள். திருமூலநாதனாக விமானம் ஏறினேன், இங்கே வந்து நேதன் ஆகிவிட்டேன். சமையல், துவையல், இந்த டைரி எழுதுவது, இவைதான் உத்தியோகம். ஆனால் புயல் என்று வந்துவிட்டால் இந்த ஊரில் என்னைவிட அனுபவஸ்தன் யார்? தானே புயலில் ஊரே கூரை இழந்து நின்றபோது தெருத்தெருவாகத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தவன் நான்.

மாலை நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் பேசினார். அரசியின் அண்ணன் சிவக்கொழுந்து. அவருடைய ஒரே மகள் மாதங்கி, இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் கடலோரக் கல்லூரியில் படிக்கிறாள்.

"மாப்ளே, நான் எட்டுமணி நேரத்துக்கு அந்தாண்ட கெடக்கறேன். கொழந்தய நீங்கதான் பாத்துக்கணும்."

"மச்சான், நீங்க நிம்மதியாத் தூங்குங்க. புயல்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான்."

சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இந்த ஊரில் முதல் தடவையாக யாரோ என்னை நம்பி ஒன்றை ஒப்படைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, வெள்ளி

கடையில் ரொட்டியும் பாலும் சுத்தமாகக் காலி. புயல் என்றால் இவர்களுக்கு ஏனோ ரொட்டியும் பாலும்தான் நினைவுக்கு வருகிறது. தார்ப்பாய் அலமாரி அப்படியே இருந்தது. நான் ஆறு எடுத்தேன். பில் போடுகிற பெண், "முகாம் போடப் போறீங்களா?" என்று கேட்டாள். வரட்டும், தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதங்கி கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம்.

"மாமா, காலேஜ்ல எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்க. பட் நான் டர்ட்டில்ஸ்கூடப் போறேன்."

அவள் ஓய்வு நேரத்தில் உதவி செய்யும் இடம், கடலாமைகளுக்கான ஆஸ்பத்திரி. படகில் அடிபட்டது, தூண்டிலை விழுங்கியது என்று முப்பது நாற்பது ஆமைகள். சின்னவற்றை வாழைப்பழப் பெட்டிகளில் துண்டு போட்டு வைத்து, வேனில் ஏற்றி, உள்ளே பைன்ரிட்ஜ் என்ற ஊரின் சர்ச் மண்டபத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். பைன்ரிட்ஜ் கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிறது, மேட்டுப்பாங்கான ஊர். நல்ல இடம்தான். விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

"அங்கேயே இரு. வெளியில தலைகாட்டாதே. புயல் கடந்ததும் நேரா இங்க வந்துடணும். அத்தை உனக்குன்னு அடைக்கு அரைச்சு வைக்கப்போறா."

"புயல் கடந்ததும் வரேன், மாமா. ப்ராமிஸ்."

நியூ ஜெர்சியில் பிறந்த பெண். இங்கிலீஷ் கலந்தாலும் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறாள். அந்த விஷயத்தில் மச்சானைப் பாராட்ட வேண்டும்.

செப்டம்பர் 12, சனி

வரைபடத்தில் புயல் வரும் பாதையைக் கூம்பு மாதிரி போட்டுக் காட்டுகிறார்கள். கூம்பு இன்று இன்னும் வடக்கே நகர்ந்து, எங்கள் ஊரின் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அரசி பாலுக்கு உறை ஊற்ற மறந்துவிட்டாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

பள்ளிக்கூடத்தை முகாமாக்கிவிட்டார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் வர வேண்டும் என்பதால் நானும் அரசியுடன் வந்துவிட்டேன். கரண்ட் போனால் மாவு புளித்துவிடும் என்று இரண்டு பெரிய டப்பா தோசை மாவையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பள்ளிச் சமையலறையில் இருக்கும் டெல்லா அம்மாள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தன் பெரிய இரும்புக் கல்லை எனக்கு விட்டுக்கொடுத்தார். விளையாட்டு அரங்கில் படுத்திருந்தவர்கள் வரிசையில் நின்று தோசை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவர் அதன்மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களோடு ஒரு கூரையின் கீழ் இருக்கிறோம். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. டெல்லா அம்மாள் தன் போர்வையில் ஒன்றை அரசிக்குக் கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 14, திங்கள். காலை

கரண்ட் இல்லை. போன் சிக்னல் வருகிறது, போகிறது. பேட்டரி ரேடியோவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். சற்றுமுன் அடலீன் எங்களுக்குத் தெற்கே கரையைத் தொட்டுவிட்டாள் என்று சொன்னார்கள். இனி நிலத்தின் மேல் நகர்ந்து இந்தப் பக்கம்தான் வருவாள்.

சிக்னல் எட்டிப்பார்த்த நேரத்தில் மாதங்கிக்கு ஒரு குரல்செய்தி அனுப்பிவிட்டேன். நம் ஊர் வானிலை அறிக்கை வாசிக்கிற குரலிலேயே கணீரென்று சொன்னேன்: "மாதங்கி, புயல் கரையைக் கடந்துடுச்சும்மா. பயப்படாதே. நானும் அத்தையும் பள்ளிக்கூடத்துல நல்லா இருக்கோம்." போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தது. உடனே சிக்னல் போய்விட்டது.

என் கடமையைச் செய்தேன். மச்சான் நிம்மதியாக இருக்கலாம்.

திங்கள், மதியம்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் சும்மா உட்காரவும் முடியவில்லை.

பள்ளி அலுவலகத்தில் பழைய தரைவழித் தொலைபேசி மட்டும் வேலை செய்கிறது. பைன்ரிட்ஜிலிருந்து ஆமை ஆஸ்பத்திரிக்காரப் பெண்மணி கூப்பிட்டார். "மாதங்கி பத்திரமாக வந்துவிட்டாளா?" என்று கேட்டார். அரசிதான் பேசினாள். இங்கே வரவில்லையே என்றாள். பிறகு சொன்னாராம்: மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் மாதங்கி கிளம்பிவிட்டாள். நாங்கள் வேண்டாம் என்றோம். புயல் போய்விட்டது, என் மாமா செய்தி அனுப்பியிருக்கிறார், அவருக்குப் புயலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொன்னாள். எங்களிடம் ரேடியோ இல்லை, அந்தச் செய்தி வந்ததோடு நெட்டும் போய்விட்டது.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. போய்விட்டது என்று நான் எங்கே சொன்னேன்? அரசி என் போனை வாங்கி அந்தக் குரல்செய்தியைக் காதில் வைத்துக் கேட்டாள். மறுபடியும் ஒரு தடவை கேட்டாள்.

"கடந்துடுச்சுன்னு சொன்னீங்களா?"

"கரையைக் கடந்துடுச்சுன்னுதானே சொன்னேன். நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் தெரியுமே. கரையைக் கடக்கறதுன்னா கடல்லேர்ந்து ஊருக்குள்ள வர்றது. அப்பதானே ஆபத்தே ஆரம்பம்."

"அவ நம்ம ஊர்லயா பொறந்தா?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்கு தப்பாகிப்போன பிள்ளையின் நோட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, போலீஸ்காரரைத் தேடிப் போனாள்.

மாதங்கிக்குக் கடப்பது என்றால் தாண்டிப் போவது. ரோட்டைக் கடப்பது, பாலத்தைக் கடப்பது. புயல் கடந்ததும் வா என்று வெள்ளிக்கிழமை நானேதான் சொன்னேன். கடந்துவிட்டது என்று இன்று நானேதான் சொன்னேன். சொன்ன சொல் தவறாத பெண். கிளம்பிவிட்டாள்.

போலீஸ்காரர் சொல்கிறார்: பைன்ரிட்ஜ் ரோடு நடுவில் தாழ்வாக இறங்கும், அங்கே ஓடை இருக்கிறது, தண்ணீர் ஏறிவிட்டது, காற்று தணியாமல் படகு அனுப்ப முடியாது. அவர் கண்ணைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. அவராலும் முடியாது.

வெளியே கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கிறது. எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாகிவிட்டது. தில்லை நடராஜா, என் புயல் அனுபவத்தையெல்லாம் எடுத்துக்கொள். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணை மட்டும் கொடுத்துவிடு.

திங்கள், இருட்டும் நேரம்

வந்துவிட்டாள். வந்துவிட்டாள். வந்துவிட்டாள்.

பள்ளி வாசலில் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. பின்னால் முழுக்கப் பன்றிகள். அத்தனையும் நனைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தன. முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் மழைக்கோட்டில் மாதங்கி இறங்கினாள். அரசி மழையிலேயே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் ஓடவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டி வந்தவர் பெயர் வென்டல், பன்றிப் பண்ணைக்காரர். அவரும் இறங்கவில்லை, நாங்களும் நன்றி சொல்லவில்லை. "இதுங்களை மேட்டுக்குக் கொண்டுபோகணும்" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். பரம்பரையாக முட்டைகூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. அந்தப் பன்றி லாரி வளைவில் மறையும் வரை கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

மாதங்கி என்னிடம் வந்து, "சாரி மாமா, லேட் ஆயிடுச்சு" என்றாள். என்னிடம் அவள் மன்னிப்பு கேட்கிறாள்!

அலுவலகத் தொலைபேசியில் மச்சானைப் பிடித்தோம். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. மாதங்கி, "டாடி, ஐ ஆம் ஃபைன். அத்தைகூடத்தான் இருக்கேன். மாமாதான் எல்லாம் பாத்துக்கறார்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மச்சான் என்னிடம், "மாப்ளே, இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். உங்கள நம்பி விட்டதுக்குக் கொழந்தயப் பத்திரமா வச்சிருக்கீங்க" என்று சொல்லி அழுதுவிட்டார். லைன் அவ்வளவு தெளிவாக இல்லை. அதனால் விவரமாக எதுவும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

லைன் தெளிவாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 16, புதன்

வீடு தப்பியது. பின்பக்கம் பெரிய பைன் மரம் வேலியை நசுக்கிக்கொண்டு கிடக்கிறது. வீட்டின் மேல் விழுந்திருக்கலாம், விழவில்லை. கரண்ட் இல்லை. டெல்லா அம்மாள் கேஸ் அடுப்பு கொண்டுவந்து கொடுத்தார். மாதங்கிக்கென்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன அடை மாவு பொங்கிப் புளித்துப் போயிருந்தது. அவள் அதையும் சுட்டுத் தரச் சொல்லி நான்கு சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன மாமா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆமைகள் எல்லாம் பிழைத்துவிட்டனவாம். அவள் கார் மட்டும் ஓடையோடு போய்விட்டது.

செப்டம்பர் 17, வியாழன்

வென்டல் வீட்டை விசாரித்துக்கொண்டு நானும் அரசியும் போனோம். நன்றி சொல்ல. அதோடு, நடந்தது என் தவறு என்று அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனதில் இருந்தது. மச்சானிடம் சொல்வதற்கு முன் ஒத்திகை மாதிரி.

அவர் வீட்டுக் கூரையில் பாதி இல்லை. மனிதர் ஏணி மேல் நின்று பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டிருந்தார், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. காரிலிருந்து என் தார்ப்பாய்களை எடுத்துவந்தேன். ஓரத்தை மரச்சட்டத்தில் ஒரு சுற்று சுற்றி, சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்தால் எந்தக் காற்றும் கிழிக்காது. தானேக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் அடித்தோம். இரண்டு பேருமாகக் கூரையில் உட்கார்ந்து அடித்தோம். அரசி கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

அவர் வாயில் ஆணியை வைத்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. நீங்க காப்பாத்தினீங்க."

"நானா?" வாயிலிருந்து ஆணியை எடுத்தார். "அவ சொல்லலியா? ஓடைகிட்ட ரோடே அறுத்துக்கிட்டுப் போயிருந்தது. மழையில எனக்குத் தெரியலை. நான் நல்ல வேகத்துல வந்தேன். அவ கார் மாட்டிக்கிட்டு, அவ மட்டும் இறங்கி ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு, அந்த மஞ்சக் கோட்டைக் கழட்டி வீசிக்கிட்டு நின்னா. நிறுத்தி, அவளை ஏத்திக்கிட்டு வேற ரோட்டுல சுத்தி வந்தேன். அவ நிக்கலேன்னா நானும் என் பன்னிங்களும் ஓடையில போயிருப்போம். என் பொண்டாட்டி மேட்டுப் பண்ணையில எனக்காகக் காத்துக்கிட்டிருந்தா."

அவர் ஓர் ஆணியை அடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"யாரோ ஒரு மாமா அவளைக் கிளம்பச் சொன்னாராமே. வழியில சொன்னா. அந்த ஆளை நீ பாத்தா, வென்டல் நன்றி சொன்னான்னு சொல்லு."

என் கையில் சுத்தியல் அப்படியே நின்றுவிட்டது. கீழேயிருந்து அரசி சொன்னாள்: "இவர்தான் அந்த மாமா."

அவர் தொப்பியைக் கழற்றினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முழுவதையும் சொன்னேன். எங்கள் மொழியில் புயல் கரையைக் கடப்பது என்றால் வந்து இறங்குவது, அவள் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள், சரியாகச் சொல்லாதது நான்தான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு நாங்க 'லேண்ட்ஃபால்'ங்கறோம்" என்றார். "சின்ன வயசுல என் பையன், தரை கீழ விழப்போகுதுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் கட்டிலை விட்டு எறங்கலை."

சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் செய்தது தவறுதான். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தத் தவறின் மறு முனையில் ஒரு மனிதர் உயிரோடு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். எப்படி இதைப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் முடிந்தது.

கிளம்பும்போது, அடுத்த மாதம் பன்றி சுட்டு விருந்து வைக்கிறேன், குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். கண்டிப்பாக வருகிறோம் என்று அரசி முந்திக்கொண்டு சொன்னாள். காரில் ஏறியதும், "நாம கோஸ் பொரியல் பண்ணி எடுத்துக்கிட்டுப் போவோம்" என்றாள்.

செப்டம்பர் 19, சனி

சாலைகள் திறந்துவிட்டன. மச்சான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்ததும் அவர் நின்ற நிலையை எழுத மாட்டேன், அது அவருடையது. எனக்கென்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தார். காபிப் பொடி, முறுக்கு, ஒரு நல்ல மழைக்கோட்டு. "நம்ம வீட்டு அனுபவஸ்தருக்கு" என்று கையில் வைத்து அழுத்தினார்.

அந்தக் கோட்டை வாங்கி நாற்காலியில் வைத்தேன். மாதங்கி என்னைப் பார்த்து, வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"மச்சான், உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. குரல்செய்தியையும் போட்டுக் காட்டினேன். என் கணீர்க் குரல் அந்த அறையில் கேட்டபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. மச்சான் முகம் கறுத்துவிட்டது. எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். விழுந்து கிடக்கும் பைன் மரத்தின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, இந்த வீட்டோடு அவருக்கு உறவு இதோடு முடிந்தது, இனி அரசிக்கு அண்ணனும் இல்லாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் போட்ட காபி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல உங்க மேலதான் கோவம் வந்தது, மாப்ளே. ரொம்ப வந்தது. அப்பறம் யோசிச்சேன். இருவது வருஷமா வீட்ல தமிழ்லதான் பேசறோம். சாப்பாடு, படிப்பு, சண்டை, சாமி, எல்லாத்துக்கும் அவளுக்கு வார்த்தை சொல்லிக் குடுத்தோம். புயலுக்கு மட்டும் சொல்லிக் குடுக்கலை. ஏன்னா, ஒரு நாள்கூடத் தேவைப்படலை. நாம சின்ன வயசுல ரேடியோவைக் கட்டிக்கிட்டு அந்த வார்த்தைக்காகக் காத்துக்கெடந்தோம். எம்பொண்ணு அந்த வார்த்தை தெரியாமலே வளந்துட்டா. அது எவ்ளோ பெரிய குடுப்பினைன்னு நான் நெனச்சே பாத்ததில்லை."

அவர் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"ஆனா ஒண்ணு. அடுத்த புயலுக்கு நீங்க அவகிட்ட இங்கிலீஷ்லயே சொல்லிடுங்க."

"சத்தியமா, மச்சான்."

"நோ, நோ." மாதங்கி சமையலறையிலிருந்து தோசைக்கரண்டியோடு வந்து நின்றாள். "தமிழ்லயே சொல்லுங்க, மாமா. இப்பதான் எனக்குத் தெரியுமே."